அவருக்கு அது எப்படித் தெரிந்தது? ஹேக் புகார் டெமோவைப் பார்க்கும் முறை

கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கம் விடுமுறையில் நடக்கிற சின்ன கவுன்டர்-ஸ்ட்ரைக் (ஐந்துக்கு ஐந்து பேர் ஆடும் கணினித் துப்பாக்கி ஆட்டம்) கோப்பைகளில் ஆட்டம் முடிந்து பத்து நிமிடம்கூட ஆகாது, வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்து விழும்: "அண்ணா, அவன் வால் போட்டிருக்கான், டெமோ பாருங்க." (வால் என்றால் இங்கே குரங்கின் வால் இல்லை, சுவர். சுவருக்கு அப்பால் இருப்பவரைக் காட்டும் ஹேக் மென்பொருள். டெமோ என்றால் ஆட்டத்தின் முழுப் பதிவு, யார் கண் வழியாகவும் திரும்ப ஓட்டிப் பார்க்கலாம்.) புகார் சொல்பவர் பெரும்பாலும் தோற்ற அணி. கூடவே எட்டு விநாடி வீடியோ ஒன்றும் வரும். அந்த எட்டு விநாடியை வைத்துத் தீர்ப்பு சொன்னால், நன்றாக ஆடுகிறவர்களில் பாதிப் பேரைத் தடை செய்யவேண்டி வரும்.

டெமோ பார்க்க உட்காருகிறவருக்கு வேலை ஒன்றுதான். சந்தேகமான ஒவ்வொரு கணத்திலும் 'அவருக்கு அது எப்படித் தெரிந்தது?' என்று கேட்டு, தெரிய வழி இருந்ததா என்று தேடவேண்டும். வழி இருந்தால் கணம் தள்ளுபடி. இல்லையென்றால் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை கில், எத்தனை ஹெட்ஷாட் என்ற கணக்கெல்லாம் இதற்குப் பிறகுதான். பல சமயம் தேவையே படாது.

தீர்ப்பு வகையைப் புதிதாகக் கண்டுபிடிக்கவேண்டாம். கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-க்கு முந்தைய சிஎஸ்: கோ ஆட்டத்தில், அதைத் தயாரித்த வால்வ் நிறுவனம் 2013-இல் கொண்டுவந்த ஓவர்வாட்ச் முறையில் அனுபவமுள்ள ஆட்டக்காரர்களே டெமோ பார்த்தார்கள். சந்தேகத்துக்குள்ளானவரின் பெயர் மறைக்கப்பட்டிருக்கும், குரலும் சாட்டும் இருக்காது. குறிபார்க்க உதவி, பார்வைக்கு உதவி, வேறு வெளி உதவி, ஆட்டத்தைக் கெடுத்தல் என்று நாலு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் இரண்டே பதில்: சந்தேகத்துக்கு இடமின்றித் தெரிகிறது, அல்லது ஆதாரம் போதாது. 'நிரபராதி' என்று ஒரு பதிலே கிடையாது. ஒரு டெமோவைப் பார்த்து ஒருவர் ஹேக் போடவே இல்லை என்று யாராலும் நிரூபிக்க முடியாது என்பதால் அது சரியான ஏற்பாடு. உள்ளூர்க் கோப்பைக்கும் இதையே வைத்துக்கொள்ளுங்கள்.

உட்காரும் முன்

டெமோவை அன்றைக்கே இறக்கிவிடுங்கள். அதிகாரபூர்வ சர்வரில் ஆடிய ஆட்டத்தின் இணைப்பு நிரந்தரமாக இருக்காது. கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-இல் ஒரு பெரிய அப்டேட் வந்துவிட்டால் பழைய டெமோ திறக்காமலே போகலாம். 'ஞாயிறு பார்த்துக்கலாம்' என்று விட்ட டெமோ புதன்கிழமை அப்டேட்டில் செத்துப் போவது சாதாரணம். சொந்த சர்வர் வைத்து நடத்துகிறீர்கள் என்றால் வார்ம்-அப் தொடங்கும் முன்பே பதிவைப் போட்டுவிடுங்கள். கோப்பு இரண்டு பேரிடம் இருக்கட்டும்.

பார்ப்பவர்கள் மூன்று பேர், தனித்தனியாக. ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்க்கக் கூடாது. மலையில் ஊர் சின்னது, அணிகளும் சிலவே. 'அவன் எங்க தெருப் பையன்', 'போன வருஷம் எங்களைத் தோற்கடிச்சவன்' என்ற நினைப்பு வராமல் இருக்காது. அதனால் நாலாவதாக ஒருவர் ரவுண்டுகளைப் பிரித்து, 'ஆட்டக்காரர் 7' என்கிற மாதிரி எண் போட்டுத் தரட்டும். பெயர் பட்டியலை மறைக்க முடியாவிட்டால் திரையின் அந்த மூலையில் ஒரு துண்டுத் தாளை ஒட்டுங்கள். கேலிக்குரிய யோசனைதான், ஆனால் வேலை செய்கிறது.

ஸ்பீக்கர் வேண்டாம், ஹெட்செட் போடுங்கள். அவர் காதில் விழுந்த காலடி உங்கள் காதில் விழாவிட்டால் பாதி விசாரணை தவறாகப் போகும்.

எந்த ரவுண்டுகள்? 13 வெற்றி எடுப்பவர் ஜெயிக்கும் இன்றைய வடிவத்தில் கூடுதல் நேரம் இல்லாமல் அதிகபட்சம் 24 ரவுண்டு. அதில் எட்டு போதும். நாலு, புகாரில் சொன்னவை. மீதி நாலைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள், இரண்டு பாதியிலிருந்தும் வருகிற மாதிரி. புகார் ரவுண்டை மட்டும் பார்த்தால், யாரோ பொறுக்கித் தந்ததைப் பார்க்கிறீர்கள். அந்த ஆள் எப்போதும் எப்படி ஆடுகிறார் என்பது சீட்டில் வந்த ரவுண்டில்தான் தெரியும்.

மூன்று முறை பார்க்கவேண்டும்

முதல் முறை: அவருடைய கண் வழியாக, இயல்பான வேகத்தில், எக்ஸ்-ரேயை அணைத்துவிட்டு. பார்வையாளராக இருக்கும்போது எக்ஸ் விசையை அழுத்தினால் சுவர் வழியே தெரியும் உருவங்கள் மறையும். இதை அணைக்காமல் தொடங்குவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. உருவம் தெரிகிற திரையில் யார் எங்கே பார்த்தாலும் எதிரியைப் பார்க்கிற மாதிரியே தோன்றும். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். இந்த முறையில் தீர்ப்பே எழுதாதீர்கள். 'இது எப்படி?' என்று தோன்றிய இடத்தின் ரவுண்டு எண்ணையும் கடிகார நேரத்தையும் மட்டும் குறியுங்கள். அவர் ஏமாந்த இடங்களையும் குறியுங்கள். முதுகில் சுடப்பட்டது, யாரும் இல்லாத மூலைக்குக் குண்டு போட்டது, எதிரியைக் கடந்து போனது. இவை அவர் பக்கத்துச் சாட்சி.

இரண்டாம் முறை: குறித்த ஒவ்வொரு கணத்துக்கும் முன்னும் பின்னுமாகப் பத்து விநாடியை எக்ஸ்-ரே போட்டு, கால் வேகத்தில். ஷிஃப்ட்டும் எஃப்2-வும் சேர்த்து அழுத்தினால் டெமோ பலகை வரும், வேகத்தை அங்கே குறைக்கலாம். பன்னிரண்டு கணம் இருந்தால் ஒருமுறை ஓட்டவே எட்டு நிமிடம். சிலதை மூன்று தடவை ஓட்டவேண்டியிருக்கும். ஆக, ஒரு ஆட்டத்துக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. அரை மணியில் முடித்தேன் என்பவர் எதையோ தாண்டியிருக்கிறார்.

மூன்றாம் முறை: அதே கணங்களை அவருடைய நாலு தோழர்களின் கண் வழியாகவும் எதிரியின் கண் வழியாகவும். முக்கால்வாசிப் புகார் இங்கே செத்துவிடும்.

தெரிய வந்திருக்கக்கூடிய வழிகள்

ஓடினால் காலடி கேட்கும், ஷிஃப்ட் பிடித்து நடந்தால் கேட்காது. குதித்து இறங்குவது, ரீலோட், ஸ்கோப் போடுவது, ஆயுதம் கீழே விழுவது எல்லாம் கேட்கும். ஆகவே முதலில் எதிரியின் கண்ணுக்குப் போய், அந்தப் பத்து விநாடியில் அவர் ஷிஃப்டை ஒருமுறையாவது விட்டாரா என்று பாருங்கள். ஒரே ஒரு அடிச் சத்தம் போதும்.

அடுத்து ரேடார். தோழர் ஒருவர் எதிரியைப் பார்த்த மறுகணம் சிவப்புப் புள்ளி எல்லோர் ரேடாரிலும் வரும். அவர் அந்தப் பக்கம் திரும்பாமலே தெரிந்துகொள்வார். பிறகு செத்தவர் பட்டியல். (வரைபடத்தில் குண்டு வைக்கும் தளம் இரண்டு: ஏ, பி.) பி பக்கம் நின்ற தோழர் ஏடபிள்யூபி என்ற ஸ்னைப்பர் துப்பாக்கியால் செத்தார் என்று வந்தால், ஸ்னைப்பர் பி-யில் இருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பிறகு கழித்தல் கணக்கு: நாலு பேர் பி-யில் தெரிந்துவிட்டார்கள் என்றால் ஐந்தாமவர் ஒளிய இரண்டு மூன்று இடமே மிச்சம். பிறகு பழக்கம்: அதே எதிரி மூன்று ரவுண்டாக அதே பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தால், நாலாவது ரவுண்டில் அங்கே முன்கூட்டியே சுடுவது புத்தி, திருட்டு இல்லை. வெடித்த ஸ்மோக் (புகைக் குண்டு), விழுந்த ஃபிளாஷ் (கண் கூசவைக்கும் குண்டு), சுவரைத் தாண்டி நீட்டிய துப்பாக்கி முனை, கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-இல் தரையில் விழும் நிழல். இத்தனையையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கவேண்டும்.

டெமோவில் தெரியாத ஒன்று, அணிகள் டிஸ்கார்ட் என்ற குரல் செயலியில் பேசியது. அது பதிவாகாது. தோழர் ஒருவர் பார்த்திருக்க வாய்ப்பு இருந்தது என்றாலே, அவர் சொல்லியிருப்பார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். சந்தேகத்தின் பலன் ஆட்டக்காரருக்குத்தான்.

காலி மூலைகளை எண்ணுங்கள்

இதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. ஹேக் போடுகிறவர்கள் இப்போது உஷார். சுவர் வழியே எதிரியின் தலையைக் குறிமுனையால் (திரையின் நடுவில் தெரியும் குறி) பின்தொடர்வதை எல்லோரும் பிடித்துவிடுவார்கள் என்று அவர்களுக்கே தெரியும். தரையைப் பார்த்தபடி நடப்பார்கள், எதிரி இருக்கும் திசையைத் தவிர்த்து மற்ற எல்லாத் திசையும் பார்ப்பார்கள், ஒரு ரவுண்டு வேண்டுமென்றே சாவார்கள். எதிரி இருக்கும் இடத்தில் நடிக்கலாம். ஆனால் எதிரி இல்லாத இடத்தில் நடிக்க மறந்துவிடுகிறார்கள்.

மிராஜ் வரைபடத்தையே எடுத்துக்கொள்வோம். தாக்கும் அணியின் ஒருவர் ராம்ப் வழியாக ஏ தளத்துக்குள் நுழைகிறார். கடிகாரத்தில் 0:58 (கடிகாரம் இறங்குமுகமாக ஓடும்). அவர் பயப்படவேண்டிய இடங்கள்: பேலஸ் அடி, டெட்ரிஸ், சாண்ட்விச், படிக்கட்டு, ஜங்கிள், டிரிபிள் பெட்டி, ஃபயர்பாக்ஸ், டிக்கெட் பூத். மொத்தம் எட்டு. ஒழுங்காக ஆடுகிறவர் ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டே, அதாவது குறியைத் திருப்பி ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டே வருவார். ஒரு மூலையைப் பார்க்காமல் விட்டால் அதற்கொரு காரணம் இருக்கும்: ஸ்மோக் மறைத்திருக்கும், தோழர் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். இப்போது நம் ஆள் டெட்ரிஸைத் திரும்பியும் பார்க்கவில்லை. சாண்ட்விச்சுக்கு முழு முதுகையும் காட்டியபடி திறந்த வெளியில் நாலு எட்டு வைக்கிறார். குறிமுனை டிரிபிளைத் தாண்டி, ஃபயர்பாக்ஸ் ஓரத்தில், உட்கார்ந்திருக்கும் ஆளின் தலை உயரத்தில் போய் நிற்கிறது. அங்கே ஒருவர் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். நம் ஆள் சுட்டார், அவர் செத்தார்.

கில்லை விடுங்கள். சாண்ட்விச்சில் யாரும் இல்லை என்று அவருக்கு எப்படித் தெரிந்தது? ஜங்கிளில் ஸ்மோக் விழுந்திருந்ததா? இல்லை. கனெக்டரில் தோழர் நின்றாரா? மூன்றாம் முறையில் பார்க்கிறோம்: இல்லை, நாலு பேரும் பி பக்கம். ஃபயர்பாக்ஸ்காரர் கடைசி இருபது விநாடியில் ஏதாவது சத்தம் போட்டாரா? அவர் கண்ணுக்குப் போனால், 1:21-லிருந்து குந்தியபடியே இருக்கிறார். முந்தைய ரவுண்டுகளில் அங்கே இருந்தாரா? ஒருமுறைகூட இல்லை. ஆக, பார்க்காமல் விட்ட மூலைகள் ஐந்து, தலை உயரம் தயார், வழி ஒன்றுமில்லை. இது ஒரு முழுக் கணம். தாளில் 3 போடுங்கள் (அதுதான் உச்ச மதிப்பெண், விவரம் கடைசியில்).

அப்படியே எழுந்து தடை போட்டுவிடாதீர்கள். அதே ஆள் சீட்டில் வந்த இன்னொரு ரவுண்டில் எட்டு மூலையையும் வெட்டிக்கொண்டு வந்து, டிரிபிளில் இரண்டு குண்டை வீணாக்கிவிட்டு நகர்ந்தால், முதலில் பார்த்தது துணிச்சலாக ஓடியதாக இருக்கலாம். நேர்மையான ஆட்டக்காரர் காலி மூலைக்குக் குண்டு செலவழிப்பார். எட்டு ரவுண்டிலும் ஒரு தோட்டாகூட வெறும் இடத்துக்குப் போகவில்லை, முன்கூட்டிச் சுட்டபோதெல்லாம் அங்கே ஆள் இருந்தார் என்றால்தான் விஷயம் கனமாகிறது.

ரேடார் மட்டும் காட்டும் ஹேக் வேறு மாதிரி. பக்கத்தில் இன்னொரு திரையிலோ போனிலோ எல்லோர் இடமும் புள்ளியாகத் தெரியும். இவர்களுக்குத் தலை உயரம் தெரியாது, அதனால் குறிமுனை சுத்தமாக இருக்கும். ஆனால் யாரும் சத்தம் போடாமலே பக்கம் மாறுவார்கள், எதிரி ஏ-க்குக் கிளம்பிய இரண்டு மூன்று விநாடியில் பி-யை விட்டு வருவார்கள். திரும்பத் திரும்ப அரை விநாடி மவுஸ் உறைந்து நிற்கும், கண் வேறெங்கோ போன அந்த நேரம். ஒருமுறை நின்றால் டீ குடித்திருக்கலாம். ஒவ்வொரு பக்க மாற்றத்துக்கும் முன்னால் நின்றால் எழுதுங்கள்.

குறி: கண்ணை நம்பாமல் டிக்கை எண்ணுவது

'ஃப்ளிக் பாருங்க, மனுஷன் அடிக்கிறதா இது' என்பதுதான் அதிகம் வரும் புகார். (ஃப்ளிக் என்றால் குறியைச் சட்டென்று திருப்பிச் சுடுவது.) அதிகம் தவறாகப் போவதும் இதுவே. சர்வர் ஆட்டத்தின் நிலையை விநாடிக்கு 64 முறை கணக்கிடுகிறது. அதில் ஒரு முறைதான் ஒரு டிக், 15.6 மில்லி விநாடி. ஆட்டக்காரரின் திரை 144 அல்லது 240 முறை புதுப்பித்திருக்கும். இடையில் மவுஸ் போன பாதை டெமோவில் இல்லை. ஆகவே சாதாரண வேகத் திருப்பமும் டெமோவில் வெட்டி ஒட்டியது போலத் தெரியும். ஒரு ஃப்ளிக்கை வைத்து எதையும் சொல்லாதீர்கள்.

எண்ணக்கூடியது இடைவெளி. எதிரி கண்ணில் பட்ட டிக்குக்கும் சுட்ட டிக்குக்கும் நடுவே எத்தனை? பார்த்துக் கை அசைய மனிதருக்கு 200 முதல் 250 மில்லி விநாடி ஆகும். அதாவது 13 முதல் 16 டிக். பழகியவர், அதே கோணத்தைப் பிடித்துக் காத்திருந்தவர், 10 டிக் வரை இறங்குவார். ஓட்டப் பந்தயத்தில் துப்பாக்கிச் சத்தத்துக்குப் பிறகு 100 மில்லி விநாடிக்குள் கிளம்பினால் தவறான தொடக்கம் என்று வைத்திருக்கிறார்கள். நம் கணக்கில் அது ஆறரை டிக்குக்கும் குறைவு.

இங்கே ஒரு நுணுக்கம். டெமோ என்பது சர்வரின் கடிகாரம். எதிரி வெளியே வந்த செய்தி ஆட்டக்காரருக்குப் போய்ச் சேரவும், அவர் சுட்ட செய்தி திரும்பி வரவும் ஆகும் நேரமும் நீங்கள் எண்ணும் இடைவெளிக்குள் அடங்கும். பிங் (செய்தி சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம், மில்லி விநாடியில்) 60 உள்ளவர் டெமோவில் 8 டிக்கில், அதாவது 125 மில்லி விநாடியில் சுட்டார் என்றால், அவருடைய கை எடுத்துக்கொண்டது 65 மட்டுமே. பிங் அதிகம் என்பது இந்தக் கணக்கில் அவருக்கு ஆதரவு இல்லை, எதிர். பலர் இதைத் தலைகீழாக நினைக்கிறார்கள்.

தானாகச் சுடும் டிரிகர்பாட்டை ஒரு கணத்தில் பிடிக்கமுடியாது, பத்துப் பன்னிரண்டு வேண்டும். அசையாமல் பிடித்த குறிமுனையை எதிரி கடந்த ஒவ்வொரு தடவையும் எண்ணுங்கள். மனிதருக்கு 12, 19, 10, 15, ஒருமுறை பதறிச் சுட்டு எதிரி வரும் முன்பே தோட்டா போய்விட்டது என்று சிதறி வரும். இயந்திரத்துக்கு 4, 4, 5, 4, 4. பதற்றமே இருக்காது. தூக்கம் வரும் அளவுக்கு ஒழுங்கு.

குறியைத் தானாக எதிரியின் தலையில் ஒட்டவைக்கும் எய்ம்பாட்டுக்கு எதிரி இடவலமாக ஆடும் சண்டையை எடுங்கள். எதிரி திசை மாற்றிய டிக்கையும் குறிமுனை திசை மாற்றிய டிக்கையும் எழுதுங்கள். பிங் 30 இருந்தால் இரண்டு டிக்கைக் கழியுங்கள். மனிதர் எப்போதும் பத்துக்கு மேல் பின்தங்குவார், அல்லது ஊகித்து முந்திக்கொண்டு தவறுவார். ஆறு தடவையும் இரண்டு மூன்று டிக்குக்குள் திரும்பி, ஒருமுறைகூட தவறவில்லை என்றால் அது கை இல்லை.

மேக்ரோ (சுடும்போது துப்பாக்கி எகிறாமல் மவுஸைத் தானாகக் கீழே இழுக்கும் பதிவு) விஷயத்தில் டெமோவைவிட மவுஸ் நல்ல சாட்சி. ஏகே-47-இன் 30 தோட்டாவையும் கீழே இழுத்து அடக்குவது பயிற்சியில் வரும். நல்லவர்களுடையது ஒரே மாதிரி இருப்பதில் வியப்பில்லை. நேரில் நடக்கும் போட்டி என்றால் அவருடைய மவுஸைப் போட்டிக் கணினியில் செருகி, பெயின்ட் திறந்து, தூரிகையை வைத்து, மவுஸை அசைக்காமல் இடது பொத்தானை இரண்டு விநாடி அழுத்திப் பிடியுங்கள். ஒரு புள்ளி விழவேண்டும். கோடு கீழ்நோக்கி இறங்கினால், மவுஸின் உள்நினைவில் மேக்ரோ இருக்கிறது. கேப்ஸ் லாக், ஸ்க்ரோல் லாக், பக்கப் பொத்தான்கள் ஒவ்வொன்றையும் போட்டும் அணைத்தும் திரும்பச் செய்யுங்கள். இவற்றில் ஒன்றைத்தான் சாவியாக வைத்திருப்பார்கள். விசைப்பலகை பக்கம், எதிர்த் திசை விசைகளைத் தானாக மாற்றித் தரும் வசதியை 2024 ஆகஸ்டிலிருந்து வால்வ் தன் சர்வர்களில் அனுமதிப்பதில்லை. உங்கள் விதித்தாளிலும் அதை எழுதிவிடுங்கள், பிறகு வாதம் வராது.

மலையில் ஆடுகிறவர்களிடம் கவனிக்கவேண்டியவை

ஊட்டியில் ஜனவரி உறைபனிக் காலத்தில் இரவு எட்டு மணிக்குத் தொடங்கும் ஆட்டத்தில், முதல் நாலு ரவுண்டு ஆளே வேறாக இருப்பார். விரல் விறைத்திருக்கும், குறி தலைக்கு மேலே போகும். ஐந்தாவது ரவுண்டிலிருந்து ரவுண்டுக்கு மூன்று பேரை எடுப்பார். புகாரில் 'பாதியில் ஆன் பண்ணிட்டான்' என்று வரும். பொத்தானை அழுத்தி ஹேக்கைப் போட்டவருக்கு மாற்றம் ஒரே ரவுண்டில், பெரும்பாலும் அணி தோற்கத் தொடங்கியதும், சட்டென்று வரும். காலி மூலைகளை வெட்டுவதும் அதே ரவுண்டில் நின்றுபோகும். கை சூடேறியவருக்குக் குறி மட்டும் மெல்ல மெல்ல மேம்படும், நடையும் மூலை வெட்டுவதும் முன்போலவே இருக்கும்.

அடுத்தது இணைப்பு. கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவத்திலும், குன்னூர், கோத்தகிரி பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் மரம் விழுந்து மின்கம்பியும் ஃபைபரும் சேர்ந்து அறுவது வழக்கம். (மூடுபனியால் ஃபைபர் கெடாது. அந்தச் சாக்கை ஏற்கவேண்டாம்.) ஃபைபர் போனதும் போன் ஹாட்ஸ்பாட்டில் ஆடுவார்கள். பிங் எகிறும், தரவுத் துண்டுகள் (பாக்கெட்) வழியில் தொலையும். மே மாதக் கூட்ட நேரத்தில் டவர் திணறும்போதும் இதேதான். டெமோவில் ஆள் துள்ளித் துள்ளி நகர்வார், சுவருக்குப் பின்னால் போய்விட்ட எதிரியைச் சுட்டுக் கொன்ற மாதிரி தெரியும். சர்வர் நேரத்தைப் பின்னுக்கு எடுத்து, சுட்டவர் திரையில் எதிரி எங்கே தெரிந்தாரோ அதை வைத்துக் கணக்கிடுவதால் வருவது இது. ஹேக் இல்லை.

ஆனால் வேண்டுமென்றே இணைப்பைத் துண்டித்து ஒட்டுகிறவர்களும் உண்டு. பிரித்தறிய ரவுண்டு தொடக்கத்தில், ஆயுதம் வாங்கும் நேரத்தில் பிங்கைப் பாருங்கள். நிஜக் கோளாறு அங்கேயும் வரும். சண்டைக்கு முன்னால் மட்டும் வந்து சண்டை முடிந்ததும் போகிற கோளாறு, கோளாறு இல்லை.

ஸ்மர்ஃப் என்பவரையும் தனியே வையுங்கள். அக்கவுன்ட் புதிது, ஆள் பழையவர். பிரவுசிங் சென்டர் காலத்தில் பழைய கவுன்டர்-ஸ்ட்ரைக் 1.6 ஆடி வளர்ந்த கை. இவருக்குக் குறி நன்றாக இருப்பது போலவே ஸ்மோக் சரியான இடத்தில் விழும், காசு மிச்சம் பிடிப்பார், கத்தியை எடுக்கவேண்டிய இடத்தில் மட்டும் எடுப்பார். ஹேக்கருக்குப் பெரும்பாலும் குறி ஒன்றே உச்சத்தில் இருக்கும். ஃபிளாஷைத் தன் ஆள் முகத்திலேயே எறிவார்.

எல்லோரும் ஒரே அறையில் ஆடினால்

பத்துக் கணினியை ஒரே வரிசையில் போட்டு நடத்தும்போது சுவருக்கும் காது உண்டு. 'ஏ-ல ரெண்டு பேர்டா!' என்று ஒருவர் கத்தினால் எதிரணிக்கும் கேட்கும். அந்த ஆட்டத்தின் டெமோவில் தகவல் கசிவு நிறையவே இருக்கும், யாரையும் குற்றம் சொல்லமுடியாது. அணிகளை எதிரெதிர்ச் சுவருக்கு நகர்த்துங்கள், முதுகுப் பக்கம் கண்ணாடி ஜன்னல் இருந்தால் திரை போடுங்கள். இரவில் அது முழுத் திரையையும் பிரதிபலிக்கும். யூட்யூபில் நேரலை போனால் குறைந்தது 90 விநாடி தாமதம் வையுங்கள். நேரலை தாமதமில்லாமல் போன ஆட்டத்தில் 'வால்' புகாரை விசாரிப்பதே வீண்.

நேரில் ஆடினாலே சுத்தம் என்றும் நினைக்கவேண்டாம். 2018 அக்டோபரில் ஷாங்காயில் நடந்த எக்ஸ்ட்ரீம்ஸ்லாண்ட் போட்டியில் இந்திய அணி ஒன்றின் ஆட்டக்காரர், குறிபார்க்கும் மென்பொருளை 'வேர்ட்' என்ற கோப்புப் பெயரில் ஒளித்து வைத்திருந்தது போட்டியின்போதே பிடிபட்டது. அணி வெளியேற்றப்பட்டது, அவருக்கு ஐந்தாண்டுத் தடை. பென்டிரைவ், போன் இரண்டையும் மேசைக்கு வரவிடாதீர்கள். டிரைவர் நிறுவவேண்டும் என்று சொன்னால் நீங்களே நிறுவுங்கள்.

போனில் ஆடும் பிஜிஎம்ஐ (பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா) ஆட்டத்துக்கு இந்த முறை முழுதாகப் பொருந்தாது. அந்த ஆட்டத்திலேயே குறிக்கு உதவி சேர்த்திருக்கிறார்கள், அருகில் எதிரி வந்தால் குறிமுனை கொஞ்சம் ஒட்டும். அதை எய்ம்பாட் என்று எழுதிவிடாதீர்கள். ஆட்டத்துக்கு முன்பே திரைப்பதிவும் கைகள் தெரிகிற கேமரா பதிவும் கட்டாயம் என்று விதி போடுவதுதான் ஒரே வழி. விரல் அசையாமல் குறி அசைந்தால் ஜைரோ (போனைச் சாய்த்துக் குறிபார்க்கும் வசதி) போட்டிருக்கிறாரா என்று போனின் சாய்வைப் பாருங்கள். காலி மூலைக் கணக்கு மட்டும் இங்கேயும் அப்படியே செல்லும்.

தாளும் தீர்ப்பும்

தாளில் ஐந்து பத்தி: ரவுண்டு, கடிகாரம், நடந்தது, தெரிய இருந்த வழி, மதிப்பெண். வழி தெளிவாக இருந்தால் 0. இருந்திருக்கலாம் என்றால் 1. தேடியும் கிடைக்கவில்லை, ஆனால் குருட்டு அதிர்ஷ்டம் சாத்தியம் என்றால் 2. வழியும் இல்லை, அதிர்ஷ்டமும் விளக்காது என்றால் 3. 'வழி' பத்தியைக் காலியாக விட்டு 3 போட்டால் அந்த வரி செல்லாது. எதையெல்லாம் தேடி இல்லை என்று கண்டீர்கள் என்பதை அங்கே எழுதவேண்டும்: 'எதிரி ஷிஃப்ட், ரேடார் காலி, தோழர்கள் பி-யில், முன்பு அங்கே நின்றதில்லை.'

மூவரும் தனித்தனியாக எழுதியதைப் பிறகு ஒன்றாக வையுங்கள். வெவ்வேறு ரவுண்டுகளில் குறைந்தது மூன்று கணத்துக்கு மூவருமே 3 போட்டிருந்து, அதில் ஒன்றாவது சீட்டில் வந்த ரவுண்டாக இருந்தால், தெரிகிறது என்று எழுதலாம். இருவர் 3, ஒருவர் 1 என்றால் அந்த 1 போட்டவர் கண்ட வழியை மற்ற இருவரும் போய்ப் பார்க்கவேண்டும். பெரும்பாலும் அவர்தான் சரியாக இருப்பார். ஓட்டெடுப்பு வேண்டாம்.

ஆட்டக்காரரைக் கூப்பிட்டுக் கேட்கும்போது 'ஹேக் போட்டீங்களா?' என்று தொடங்காதீர்கள். '11-ஆவது ரவுண்டு, 0:58, ஃபயர்பாக்ஸ். ஏன் அங்கே பார்த்தீங்க?' என்று கேளுங்கள். நிஜமாக ஆடியவர் ஏதோ ஒரு காரணம் சொல்வார், தவறாகவாவது நினைவிருக்கும்: 'ஸ்கோப் சத்தம் கேட்ட மாதிரி இருந்துச்சு.' அதை டெமோவில் சரிபார்க்கலாம். 'சும்மா ஒரு ஃபீலிங்' என்ற பதிலை ஒருமுறை ஏற்கலாம். மூன்று கணத்துக்கும் அதே பதில் என்றால் தாளில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆதாரம் போதாது என்று வந்தால் குழுவில் 'சந்தேகம் இருக்கு, ஆனா நிரூபிக்க முடியல' என்று போடாதீர்கள். 'புகார் பார்க்கப்பட்டது, நடவடிக்கை இல்லை' என்ற ஒரு வரி போதும். கோப்பையும் தாள்களையும் தேதி போட்டு வைத்திருங்கள். அதே ஆட்டக்காரர் மேல் இரண்டாவது புகார் வந்தால் புதிய மூவர் உட்காரட்டும், பழைய தாளைத் தீர்ப்பு எழுதிய பிறகே அவர்களிடம் காட்டுங்கள்.